100 மீட்டர் டிப் மீட்டர்: நான்கு மாதம் கையில் வைத்திருந்து எழுதுகிறேன்

சித்தி மகன் தெலங்கானாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நீர்மட்டம் அளந்து கொடுக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறான். "அண்ணே, நீங்க தினமும் இதையேதானே செய்றீங்க, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்குங்க" என்றான். நான் இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்கப் பணியிடங்களில் அளவுக் கருவிகள் பார்ப்பவன். 290 வெள்ளிக்கு ஒன்று வாங்கி, அவனுக்கு அனுப்புமுன் நான்கு மாதம் நானே பயன்படுத்தினேன்.

டிப் மீட்டர் என்றால் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி. எளிமையானது. உருளையில் சுற்றிய நாடா, நுனியில் இரண்டு மின்முனை. தண்ணீரைத் தொட்டதும் மின்சுற்று சேர்ந்து பீப் சத்தம் வரும், சிவப்பு விளக்கு எரியும். 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும்.

வந்த அன்றே புளோக் கீழ்த்தளத்தில் நாடாவை விரித்து, பக்கத்திலேயே 30 மீட்டர் எஃகு டேப்பையும் வைத்துப் பார்த்தேன். கோடுகள் சரியாகவே இருந்தன. ஆனால் பூஜ்யம் மின்முனையில் தொடங்கவில்லை, 2 செ.மீ. மேலே இருந்தது. அதாவது தண்ணீர் உண்மையில் இருப்பதைவிட 2 செ.மீ. மேலே இருப்பதாகக் காட்டும். ஒரே கருவியால் தினமும் அளந்தால் ஏற்ற இறக்கம் மாறாது. நாளைக்கு வேறு கருவிக்கு மாறினால்தான் வினை: ஒரே ராத்திரியில் கிணறு 2 செ.மீ. இறங்கியதாகக் கணக்கு சொல்லும். விற்றவரிடம் சொன்னேன், "எல்லாமே அப்படித்தான்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அதற்காக ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், சுரங்கத்தில் ஆபத்தைச் சொல்வதே அந்தச் சின்ன மாற்றம்தான். மேலே கண்காணிப்புக் கிணற்றில் மட்டம் இறங்க, கீழே கசிவு கூடினால், இரண்டுக்கும் எங்கேயோ வழி திறந்துவிட்டது என்றே சந்தேகப்பட வேண்டும். கைவிடப்பட்ட பழைய சுரங்க அறைகளில் தேங்கிய தண்ணீர் இன்னும் மோசம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் அப்படித் தேங்கியிருந்த வெள்ளம் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து 375 பேரைக் கொன்றது. தம்பியிடம் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வேன்.

சரி, கருவிக்கு வருவோம். கிணற்றுக் குழாயின் விளிம்பில் குறித்த புள்ளியில் நாடாவைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து, பீப் வந்ததும் ஒரு சாண் தூக்கி மெதுவாக மறுபடி இறக்குவேன். மூன்று முறையும் 23.46 மீட்டர் வந்தது. அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. கடலோர நிரப்பு நிலத்தில் உப்புத் தண்ணீர் என்பதால் குழாய்ச் சுவரில் ஒட்டிய துளிக்கே கத்தியது. உணர்திறன் திருகைக் குறைத்ததும் அடங்கியது. புக்கிட் தீமா கருங்கல் பகுதியின் நல்ல தண்ணீரில் அதே திருகைக் கூட்ட வேண்டியிருந்தது. மில்லிமீட்டர் எண்கள் நான்கு மாதத்தில் அழியவில்லை. உருளையின் பிரேக் திருகு மட்டும் மூன்றாம் வாரமே தளர்ந்துவிட்டது; ஸ்பிரிங் வாஷர் போட்டபின் நிற்கிறது.

அப்புறம் முக்கியமான விஷயம். இது தரையிலிருந்து அளக்கும் கிணறுகளுக்கு மட்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மீத்தேன் இருக்கும். வெடிப்பொறி வராதெனச் சான்று பெற்ற மின்கருவி தவிர வேறு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இதற்கு அந்தச் சான்று இல்லை. கீழே கசிவை அளக்கக் கால்வாயில் 90 டிகிரி வி-நாட்ச் (V வடிவ வெட்டு உள்ள) தகடும் ஓர் அளவுகோலும் போதும். நாட்சின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் என்பதால், கோலில் ஒரு செ.மீ. தவறாகப் படித்தாலும் பெரிய பிழை. தண்ணீரில் அழுகிய முட்டை வாடையோ துருக்கறை நிறமோ தெரிந்தால் அளவுக்காகக் காத்திருக்காமல் மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

இந்த விலைக்கு வாங்கலாம் என்பேன், பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டு. திருச்சி போகிற நண்பரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். உருளையின் பக்கத்தில் மார்க்கரால் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: "அளவோடு 2 செ.மீ. கூட்டு. சுரங்கத்துக்குள் எடுத்துப் போகாதே."