கடலோர வளவுக்கு அடம்பனா, பொடுதலையா?

யாழ்ப்பாணக் கரையோர வளவுகளில் வெறும் மணலையோ, மேலே தெரியும் சுண்ணாம்புக் கல்லையோ ஆண்டு முழுவதும் பச்சையாக மூடிவைக்க விரும்புவோருக்கு, காசு கொடுத்து வாங்காமலே கிடைக்கும் பல்லாண்டுத் தாவரங்கள் அடம்பனும் பொடுதலையும் ஆகும்.

அடம்பன் உப்புக்காற்றையும் சுடுமணலையும் பொருட்படுத்தாமல், கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பல மீற்றர் தூரம் ஓடி, காற்றில் அள்ளுண்டு போகும் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. ஆட்டுக் குளம்பைப் போல நுனி பிளந்த தடித்த இலைகளுக்கு நடுவே காலையில் விரியும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, வெயில் ஏற வாடிவிடும். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பார்கள். அந்த மிடுக்கே சிறிய வளவில் தொல்லையாகிறது. பக்கத்துச் செடிகளை மூடி ஓடும் கொடியை அடிக்கடி வெட்டி ஒதுக்க வேண்டியிருக்கும்.

பொடுதலை நிலத்தோடு ஒட்டிப் படர்வது. கல்லிடுக்கில் சிறிது மண் இருந்தாலே அது வேரூன்றிக்கொள்ளும், கால்மிதியையும் தாங்கும். அதன் சின்னஞ்சிறு வெண்பூக்களை நாடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருவதே எனக்கு அதன்மேல் தனிப் பற்று ஏற்படக் காரணம். ஓரளவு உவரைத் தாங்கினாலும், கடல்நீர்த் துமி நேரே படும் இடத்தில் அது அடம்பனுக்கு ஈடாகாது. நீண்ட வறட்சியில் நீர் ஊற்றாவிட்டால் பழுப்பேறும்.

கடலைப் பார்த்த திறந்த மணலுக்கு அடம்பனையும், முற்றத்துக் கற்பாத்திக்குப் பொடுதலையையும் நான் தேர்வேன். இரண்டையும் ஐப்பசி மழை தொடங்கும்போது, கணுக்களுள்ள தண்டுத் துண்டுகளாக, ஒரு கணுவாவது மண்ணுள் புதையும்படி நடவேண்டும்.