பூனைக்குட்டிப் பால் பவுடர்னு 2,400 ஏமாத்திட்டாங்க, இந்த "செட்" வாங்கிடாதீங்க

ரீஃபண்ட் கிடையாதுன்னு இப்பதான் கடைசிப் பதில் வந்துச்சு. 2,400 போச்சு. செல்லப்பிராணிப் பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் தளம், அதுல கடை போட்டிருக்கிற ஒரு விற்பனையாளர். பேர் போடலை, போட்டா பதிவையே தூக்கிடுவாங்க. வீட்ல குட்டி போட்ட பூனை இருந்து, அதுல ஒண்ணு மட்டும் எடை ஏறாம இருந்தா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

செட்ல இருக்கிறதாச் சொன்னது: குட்டிக்கான பால் பவுடர், ஒவ்வொரு கிராமாக் காட்டுற டிஜிட்டல் தராசு, பாட்டில், நிப்பிள். கேட்டா நியாயமாத்தான் இருக்கும். தாய்க்குப் பால் இருக்கு, பெரிய குட்டிங்க தள்ளிவிடுறதால சின்னது மட்டும் பின்தங்குது. அந்த மாதிரி குட்டியைத் தாய்கிட்டயிருந்து பிரிக்கக்கூடாது. குறையுற அளவுக்கு மட்டும் மேல்பால் கொடுத்தாப் போதும். அதுக்கு வேண்டிய சாமான் இதுதான்.

நம்ப வச்ச இடம் எதுன்னா, சாட்ல அந்த ஆள் விலையைப் பத்திப் பேசவே இல்லை. முதல் கேள்வியே "குட்டி இன்னைக்கு எத்தனை கிராம், நேத்து எத்தனை கிராம்?" விவரம் தெரிஞ்ச யாரும் முதல்ல கேக்கிற கேள்வி அதுதான். பிறக்கும்போது 100 கிராம் பக்கம் இருக்கிற குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறணும். ரெண்டு வாரத்துக்குள்ள எடை ரெட்டிப்பாகணும். ஒரு முழு நாள் ஏறாம நின்னாலே கவனிக்கணும், இறங்கினா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். அடுத்து, "உடம்பு சில்லுன்னு இருந்தா பால் கொடுத்துடாதீங்க, முதல்ல சூடு ஏத்துங்க"ன்னு சொன்னான். அதுவும் நூத்துக்கு நூறு சரி. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, குடிச்ச பால் வயித்துலயே தேங்கும், மேல எதுக்களிச்சு மூச்சுக்குழாய்க்குள்ள போகும். இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? "நான் கூடவே இருக்கேன், ராத்திரி எந்நேரமும் மெசேஜ் பண்ணுங்க"ன்னான். 2,400 போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் அந்த "எந்நேரமும்" காணோம்.

வந்ததைச் சொல்றேன். பவுடர் பாக்கெட் மேல பூனைப் படம் போட்ட ஸ்டிக்கர், அதுல சத்து விவரமே கிடையாது. ஸ்டிக்கரை உரிச்சா அடியில இன்னொரு லேபிள்: சாதாரண முழுப் பால் பவுடர், காலாவதி தேதியும் தாண்டினது. மாட்டுப்பால் பவுடர்ல புரதம் 26 சதவீதம் பக்கம்தான், பால் சர்க்கரை 40 சதவீதத்தை ஒட்டி வந்துடும். குட்டிக்குன்னு செய்யிற பவுடர்ல புரதம் 40 சதவீதம் பக்கம் இருக்கும், பால் சர்க்கரை அதைவிட ரொம்பக் கம்மி. மாட்டுப்பால் பவுடர்ல இருக்கிற அவ்வளவு சர்க்கரை செரிக்காம குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும், பேதி ஆரம்பிக்கும். 85 கிராம் குட்டிக்குப் பேதின்னா சில மணி நேரத்துலயே நீர்ச்சத்து வத்திடும்.

தராசு 5 கிராம் 5 கிராமாத் தாவுது. காய்கறி நிறுக்க ஆகலாம். தாய்கிட்ட குடிச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் குட்டியை எடை போட்டா 2, 3 கிராம்தான் வித்தியாசம் வரும், அதை வச்சுத்தான் உண்மையிலேயே பால் இறங்குச்சா, சும்மா காம்பை வாயில வச்சிட்டு இருந்துச்சான்னு தெரியும். இந்தத் தராசுல அது தெரியவே தெரியாது.

நிப்பிள் ஓட்டை அதைவிட மோசம். பாட்டிலைக் கவிழ்த்தா பால் சொட்டுச் சொட்டா மெதுவா வரணும். இது ஒழுகிக் கொட்டுது. இப்படிக் கொட்டினா பால் மூக்கு வழியா வரும், நுரையீரலுக்குப் போனா நிமோனியாதான்.

எல்லாத்தையும்விட வயிறு எரியிறது கூட வச்சிருந்த அட்டவணையைப் பார்த்துத்தான். 85 கிராம் குட்டிக்கு வேளைக்கு 10 மி.லி.யாம்! 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மி.லி. பக்கம்தான் வயிறு தாங்கும். அந்தக் கணக்குல இதுக்கு மூணரை மி.லி. கூட வராது. கிட்டத்தட்ட மூணு மடங்கு எழுதி வச்சிருக்கான். நல்ல பவுடரா இருந்தாலும் அந்த அளவு கொடுத்தா பேதிதான், இல்லைன்னா மூச்சுல ஏறும்.

புகார் சொன்னா என்ன பதில் வந்துச்சு தெரியுமா? முதல்ல "நீங்க தண்ணி சரியாக் கலந்திருக்க மாட்டீங்க." லேபிள் ஃபோட்டோ அனுப்பினதும் "பேக்கிங்ல மாறிப்போச்சு, பவுடர் அதேதான்." அப்புறம் "பிரிச்ச பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? தளத்தோட கஸ்டமர் கேர்ல "விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்", விற்பனையாளர்கிட்ட கேட்டா "தளத்துல கேளுங்க." தராசுக்கு மட்டும் தனியா கேட்டதுக்கு, "செட்டை உடைச்சு ரிட்டர்ன் வராது." இப்ப புகாரையே "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. 2,400 யாருக்குத் தீர்ந்துச்சு?

சரி, குட்டி காத்துட்டு இருக்காது. நல்ல பவுடர் கைக்கு வர்ற வரைக்கும் தாய்ப்பாலையே சரியாப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். பெரிய குட்டிங்களை 15, 20 நிமிஷம் தனிப் பெட்டியில வைங்க, துணி சுத்தின வெந்நீர் பாட்டில் ஒரு ஓரமா இருக்கட்டும், நகர்ந்துக்க இடமும் இருக்கட்டும். சின்னதை மட்டும் தாயோட பின்பக்கக் காம்புல பிடிச்சு விடுங்க, பெரும்பாலும் அங்கதான் பால் அதிகம். முன்னாடி பின்னாடி எடை பாருங்க. காம்பு ஏதாவது கல்லு மாதிரி, சூடா, சிவந்து இருந்தா அது மடிவீக்கம், தாயையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். தாய்க்குச் சாப்பாடு குட்டிகளுக்கான உணவா இருக்கட்டும், எவ்வளவு கேட்டாலும் போடுங்க, தண்ணி காலியாகவே கூடாது. தாய் சாப்பிடலைன்னா சின்னதுக்கு என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்லை.

மேல்பால் எப்பவும் தாய்ப்பால் குடிச்சதுக்கு அப்புறம்தான். முதல்லயே வயித்தை ரொப்பிட்டா தாய்கிட்ட போகாது, உறிஞ்சலைன்னா தாய்க்குப் பாலும் குறையும். 1 மி.லி. சிரிஞ்ச் போதும். குட்டியைக் குப்புற வச்சு, தலையைக் கொஞ்சம் தூக்கி, சொட்டுச் சொட்டா. கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சுக் கொடுக்கவே கொடுக்காதீங்க. பால் 38 டிகிரி பக்கம் இருக்கணும். கலந்ததை ஃபிரிட்ஜ்ல 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க, சூடு பண்ணி மிஞ்சினதைக் கொட்டிடுங்க. நிப்பிள் சரியா இருந்தும் மூக்கு வழியா பால் வந்தா வாயைத் திறந்து உள்ள மேல்பக்கத்தைப் பாருங்க, அங்க பிளவு (அண்ணப்பிளவு) இருக்கலாம்.

எப்படி வாங்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இருக்கிற ஆத்திரத்துல முடியலை. சுருக்கமா: புரதம், கொழுப்பு அளவு தெரியிற மாதிரி பின்பக்க லேபிள் ஃபோட்டோ கேளுங்க, தரலைன்னா விட்டுடுங்க. செட்டா வாங்காதீங்க, ஒவ்வொண்ணையும் தனியா வாங்குங்க. பவுடரை டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. பாக்கெட் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. விற்கிறவன் அனுப்புற அட்டவணையை நம்பி ஒரு மி.லி. கூடக் கொடுக்காதீங்க.