மான் புழுக்கையில் புழு முட்டை எண்ண: இரண்டறை மெக்மாஸ்டர் பிளாஸ்டிக் ஸ்லைடு

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கும் பினாங்கில் காட்டு விலங்கு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் எளிதாகக் கட்டுப்படியாகும் கருவி இது. தெளிந்த பிளாஸ்டிக், இரண்டு அறைகள், மேல்தட்டில் கோடுகள், அவ்வளவுதான். சிட்னி மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முறை, 1939-இல் வெளியானது. ஆட்டுக்குத் தாராளமாகப் போதும். காட்டு மானுக்குப் பாதி வேலைதான் செய்யும், ஆனால் அந்தப் பாதியைச் சுத்தமாகச் செய்யும்.

கோடு போட்ட பகுதி ஒவ்வொன்றும் 1 செ.மீ. சதுரம், ஆழம் 1.5 மி.மீ.; அறைக்கு 0.15 மி.லி. கணக்கு முழுவதும் இந்த ஆழத்தில்தான் நிற்கிறது. வந்ததும் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். மேல்தட்டு வளைந்திருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள், எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வராது.

2 கிராம் புழுக்கைக்கு 28 மி.லி. உப்புக் கரைசல். லிட்டர் வெந்நீருக்கு 400 கிராம் சமையல் உப்பு போட்டு ஆறவிட்டால், அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும், ஒப்படர்த்தி 1.20 அளவில் நிற்கும். புழுக்கையை அதில் மசித்து டீ வடிகட்டியில் வடியுங்கள். அறையை நிரப்பும்போது கலக்கிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். கை நின்றால் முட்டைகள் மேலே ஏறிவிடும், இரண்டு அறைக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாது. 5 நிமிடம் கழித்து, மைக்ரோஸ்கோப்பில் 10 மடங்கு லென்ஸை மேல்கோட்டின் மட்டத்தில் நிறுத்தி எண்ணுங்கள். முட்டைகள் அங்கேதான் மிதக்கும். ஏர்கோன் அறையில் தாமதித்தால் உப்பு படிகமாகிப் பார்வையை மறைக்கும். இரண்டு அறைக் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை.

ரூசா மானிடம் 2 கிராம் எளிது. சருகுமானின் புழுக்கை மிகச் சிறியது. 1 கிராமுக்கு 14 மி.லி. என்று எடுங்கள், பெருக்கல் மாறாது. ஆனால் பல மான்களின் புழுக்கையை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கூட்டத்தில் சில மான்களிடம்தான் பெரும்பாலான புழுக்கள் குவிந்திருக்கும், கலந்தால் அந்த உண்மையே தொலைந்துபோகும்.

காட்டு மானில் முட்டை குறைவாக இருப்பது சகஜம். ஒரு முட்டைகூடத் தெரியவில்லை என்றால் கிராமுக்கு 50-க்குக் கீழ் என்றுதான் அர்த்தம், புழு இல்லை என்று அல்ல. அறை முழுவதும் 0.5 மி.லி. கொள்ளும் வகையானால் கோட்டுக்கு வெளியே இருப்பதையும் எண்ணி 15-ஆல் பெருக்குங்கள்.

இனி இந்த ஸ்லைடால் முடியாதவை. தட்டைப்புழு (ஃப்ளூக்) முட்டை கனமானது, உப்பு நீரில் மிதக்காது. சேற்றில் புரளும் ரூசாவுக்கு இது முக்கியம், அதற்கு நீரில் அடியில் படியவிடும் முறைதான் வேண்டும். நுரையீரல் புழு புழுக்கையில் குஞ்சாகத்தான் வரும். அதற்குக் குஞ்சுகளை நீரில் இறங்கவைத்துப் பிடிக்கும் பேர்மன் புனல் வேண்டும். வயிற்றிலும் குடலிலும் வாழும் உருளைப்புழுக்களான ஹீமாங்கஸ், டிரைக்கோஸ்ட்ராங்கிலஸ், ஈசோபகோஸ்டோமம் மூன்றின் முட்டைகளும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். குடலில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய, புழுக்கையை ஈரமாக ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக் குஞ்சு வளர்க்க வேண்டும், இல்லையேல் மரபணுச் சோதனை. மேலும் ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும், டிரைக்கோஸ்ட்ராங்கிலஸ் அதில் சிறு பங்குதான். முட்டைக் கணக்கை அப்படியே புழுக் கணக்காக எழுதுவது பெரிய பிழை.

நம் வெயிலில் முட்டைகள் ஒரே நாளில் பொரிந்துவிடும். காற்றை நசுக்கி வெளியேற்றிய பையில் போட்டு ஐஸ்பெட்டியில் கொண்டுவாருங்கள். உறையவைத்தால் முட்டை சிதையும்.

ஸ்லைடை ஸ்பிரிட்டால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். முடித்த உடனே வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். உப்பு காய்ந்து ஒட்டிய பிறகு சுரண்டினால் விழும் கீறல் எண்ணும்போது கண்ணைக் குழப்பும்.