திருகோணமலையில கொம்பியூட்டர் கேசிங் மாத்தக் குடுக்கப் போறாக்கள் ஒருக்கா இதை வாசிச்சிட்டுப் போங்க

கடையின்ர பேர் போடேல்ல, இன்பொக்ஸில வந்தும் கேக்காதீங்க, போட்டா எனக்குத்தான் வீண் பிரச்சினை. டவுனுக்குள்ளதான். நடந்ததை நடந்த மாதிரி எழுதுறன்.

போன மாசம் உப்புவெளியில இருந்து உவர்மலைக்கு வீடு மாறினம். சாமான் எல்லாம் பட்டா லொறியில. பெட்ஷீட் சுத்தி அலுமாரிக்குப் பக்கத்தில சாத்தி வச்ச டவர், அதான் கொம்பியூட்டர் பெட்டி, இறக்கேக்க பொத்தெண்டு கீழ விழுந்திட்டு. முன்பக்க பிளாஸ்டிக் வெடிச்சு பவர் பட்டன் உள்ளுக்க போயிட்டு, கீழ்மூலை நசுங்கிட்டு, சைட் கதவு பூட்டுப்படாது. நான் வீட்டில இருந்து டியூஷன் மாஸ்டர்மாருக்கு டியூட் (பிள்ளையளுக்குக் குடுக்கிற பாடக் குறிப்பு) டைப் அடிச்சுக் குடுக்கிறனான், ஏ.எல் சோதனை கிட்டக் கிட்ட வருது, ஒரு மாஸ்டர் காலமையே ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார், அந்த அவதியில உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஒரு படம் கூட எடுக்காம ஓட்டோவில ஏத்திக் கொண்டு போனன். என்ர முதல் பிழை அதுதான்.

கடையில இருந்த பெடியன் கதவைக் கழட்டி ரெண்டு நிமிசம் பாத்தான். "அக்கா இது திருத்தேலாது, கேசிங் மாத்தத்தான் வேணும்". புதுக் கேசிங் 11,500, வேலைக்கு 3,500. நான் சரியெண்டன். மூண்டு நாளைக்குப் பிறகு எடுக்கப் போக, கொப்பித் தாளில பாதியைக் கிழிச்சு 15,000 எண்டு எழுதித் தந்தாங்கள். கடைப் பேரும் இல்லை, சீலும் இல்லை. பழைய கேசிங் எங்க எண்டு கேட்டதுக்கு "அதை எறிஞ்சாச்சு அக்கா".

ரெண்டு நாள் நல்லா வேலை செஞ்சிது. மூண்டாம் நாள் அடிச்சுக் கொண்டிருக்கேக்கயே டப்பெண்டு நிண்டிட்டு, திரும்ப பட்டனை அமத்தினா ஃபேன் அரைச் சுத்துச் சுத்திட்டு நிக்குது, அவ்வளவுதான். திரும்பவும் ஓட்டோ. இந்த முறை முதலாளியே வந்து பாத்தார். "தங்கச்சி, விழுந்ததில மதர்போர்ட் ஷோர்ட் ஆயிட்டு, எங்கட வேலையில பிழை இல்லை, போர்ட் மாத்த 32,000 முடியும்". விழுந்ததில போனதெண்டா பிறகு எப்பிடி ரெண்டு நாள் ஓடினது எண்டு கேட்டன். "இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" எண்டார். அந்தச் சொல்லுக்குத்தான் எனக்குக் கோவம் வந்தது, காசுக்கு இல்லை. தூக்கிக் கொண்டு வீட்ட வந்திட்டன்.

கட்டாரில இருக்கிற தம்பி ராவு வாட்ஸ்அப் வீடியோவில வந்தான். "அக்கா நீயே கழட்டு, நான் சொல்லுறன்". பிளக்கைக் கழட்டு, பவர் பட்டனை கொஞ்ச நேரம் அமத்திப் பிடி, உள்ளுக்க மிஞ்சியிருக்கிற கரண்ட் போகட்டும், பிறகு கேசிங்கின்ர தகரத்தைத் தொட்டிட்டு வேலையைத் தொடங்கு எண்டான். கழட்டுற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முட்டை அட்டையில குழிக்கொண்டா வச்சன்.

என்ர மதர்போர்ட், எல்லாப் பாகமும் கொழுவுற அந்தப் பெரிய தட்டு, ஏடிஎக்ஸ் எண்ட பெரிய சைஸ், 305 மில்லிமீட்டருக்கு 244, அதில ஸ்க்ரூ பூட்ட 9 ஓட்டை இருக்கு. பூட்டியிருந்தது 5. கீழ்வரிசை மூண்டிலயும் ஒண்டுமே இல்லை. ஏனெண்டா அந்த ஓட்டைகளுக்கு நேர கேசிங்கில இருக்க வேண்டிய, போர்டைத் தாங்கி ஸ்க்ரூவைப் பிடிக்கிற பித்தளைக் கால் இல்லை, அந்த மூலை அந்தரத்தில ஆடிக் கொண்டிருந்திருக்கு. போர்டைத் தூக்கினா அடியில, ஓட்டையே இல்லாத இடத்தில, ரெண்டு பித்தளைக் கால் நிக்குது. பாக்க தோட்டுச் சுரை மாதிரி சின்னன்தான். அதுக்கு நேர போர்டின்ர பின்பக்கம் ஈயம் உரஞ்சி பளபளவெண்டு ரெண்டு கீறல். அந்தப் பித்தளை முட்டித்தான் ஷோர்ட் ஆகி நிண்டிருக்கு.

தம்பி சிரிச்சுப் போட்டு சொன்னான், "அக்கா, அது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்குப் பூட்டுற இடம், 244க்கு 244 சதுரப் போர்ட், இந்தக் கேசிங்கில முன்னம் அது இருந்திருக்கு". அப்ப இது புதுக் கேசிங்கே இல்லை! டோர்ச் அடிச்சுப் பாத்தா ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள துரு, அதுக்கு மேல கறுப்பு ஸ்ப்ரே. கடலோரம் பாவிச்ச தகரம் எப்பிடித் துருப்பிடிக்கும் எண்டு உப்புவெளியில ஆறு வருசம் இருந்த எனக்கா தெரியாது?

அந்த ரெண்டு காலையும் கழட்டி, இருக்க வேண்டிய இடத்தில பூட்டி, போர்டை வச்சு இறுக்கினன். பவர் ஸ்விட்ச் வயர் கொழுவுற ரெண்டு பின்னையும் ஸ்க்ரூட்ரைவர் நுனியால ஒரு செக்கன் தொடச் சொன்னான். பயந்து பயந்துதான் தொட்டன். ஓன் ஆயிட்டு. 32,000 ரூபா போர்ட்!

சந்தோசப்பட்டு முடியேல்ல, ஸ்க்ரீனில ராம், அதான் மெமரி, 8 ஜிபி எண்டு காட்டுது. நான் வாங்கேக்க 8ம் 8மாக 16. ஒரு குச்சியைக் காணேல்ல.

அடுத்த நாள் போய்க் கேட்டன். "நீங்க கொண்டு வந்ததே ஒண்டுதான்". படம் இல்லையே என்னட்ட, என்னத்தைக் காட்டுறது. கத்திப்போட்டு வெளிக்கிடேக்கதான் பின்பக்க ராக்கைக்குக் கீழ கண் போச்சு. வாணி விழாவுக்கு அம்மா வச்ச சந்தனப் பொட்டு, காய்ஞ்சு மஞ்சள் வட்டமா, என்ர கேசிங்கின்ர நெத்தியில அப்பிடியே கிடக்கு. எறிஞ்சாச்சு எண்டது அதைத்தான். ஒண்டும் பேசாம குனிஞ்சு தூக்கினன், முதலாளி மற்றப் பக்கம் பாத்துக் கொண்டு போனில கதைக்கிற மாதிரி நிண்டார். காசு திரும்ப வரேல்ல, ராமும் வரேல்ல.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு எடுக்கலாம். ஆனா முறைப்பாட்டை எழுத்தில, மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும். நான் எழுதிக் குடுத்திட்டன், ஆனா கடைப் பேர் இல்லாத அந்தக் கொப்பித் துண்டை இணைக்கேக்க எனக்கே வெக்கமா இருந்தது. நீங்க தயவுசெய்து சீல் அடிச்ச பில் கேளுங்க, குடுக்க முதல் கதவைக் கழட்டி ராமும் போர்டும் நம்பரோட தெரியிற மாதிரி படம் எடுங்க, கழட்டின பழைய சாமானைக் கையோட வாங்குங்க. தாறதுக்கு முகம் சுளிச்சாங்களெண்டா அங்க குடுக்காதீங்க.

என்ர கேசிங்கை கடைசியா ஆர் திருத்தினது தெரியுமா, வாகனம் டிங்கரிங் பண்ணுற கிண்ணியா நானா ஒராள். வேனுக்குக் கீழ படுத்திருந்தவர் எழும்பி வந்து பாத்திட்டு "இதையா தங்கச்சி திருத்தேலாதெண்டானுகள்" எண்டார். நசுங்கின மூலையில இருந்த ரிவெட் நாலையும் துளைச்சுக் கழட்டி, தகரத்தை மரக்கட்டையில வச்சு மரச் சுத்தியலால தட்டித் தட்டி நேராக்கி, புது ரிவெட் அடிச்சுத் தந்தார். அரை மணித்தியாலம் வராது. கதவு இப்ப சறுக்கிக் கொண்டு போய்ப் பூட்டுது. 500 ரூபா குடுக்க, 200ஐத் திருப்பித் தந்திட்டார்.

பவர் பட்டன் மட்டும் சரிவரேல்ல. ரீசெட் பட்டனும் அதே மாதிரி ஸ்விட்ச்தானே எண்டு தம்பி சொல்ல, அந்த வயரை பவர் பின்னில கொழுவி, குண்டூசித் தலையளவு ரீசெட் பட்டனிலதான் இப்ப ஓன் பண்ணுறன். 8 ஜிபியோட இழுத்து இழுத்துத்தான் ஓடுது, மாஸ்டரின்ர டியூட் ரெண்டு நாள் பிந்திப் போச்சு. 11,500 ரூபாய்க் கேசிங் விறாந்தையில கிடக்கு, ஆருக்கும் வேணுமெண்டா வந்து எடுங்க, காசு வேண்டாம்.