நெடுந்தூர விமானப் பயணத்தில் அழுத்தக் காலுறை: நான்கு பயணங்களில் அணிந்து பார்த்த பிறகு

பத்து மணி நேரத்துக்கும் மேல் சாதாரண வகுப்பில் பறந்து இறங்கும் நேரத்தில், கழற்றி வைத்த காலணிக்குள் பாதம் நுழையாமல் அவதிப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள். எனக்குப் பல ஆண்டுகள் ஒவ்வொரு பயணத்திலும் அதுதான் நேர்ந்தது. கழுத்துத் தலையணை, கண்மூடி, இரைச்சல் நீக்கும் ஹெட்போன் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பயன்படுத்திய பிறகு, கடைசியாகத்தான் முழங்காலுக்குக் கீழ் வரை நீளும் அழுத்தக் காலுறையை, அதாவது கம்ப்ரஷன் சாக்ஸை வாங்கினேன். நான்கு நெடும்பயணங்களில் அணிந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வாங்கியிருக்க வேண்டிய பொருள் இதுதான்.

கால் வீங்குவதற்கு விமானத்தின் வறண்ட காற்றே காரணம் என்று நானும் நம்பியிருந்தேன். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுவது உண்மைதான். ஆனால் அதனால் உலர்ந்துபோவது கண்ணும் மூக்கும் தொண்டையும். கால் வீங்குவது அசையாமல் உட்கார்ந்திருப்பதால். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடுவதோடு, இருக்கையின் விளிம்பும் தொடையின் பின்புறத்தை அழுத்துவதால், ரத்தம் கீழே தேங்கி, அதிலுள்ள நீர் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து, கணுக்கால் உப்பத் தொடங்குகிறது. அழுத்தக் காலுறை கணுக்காலில் மிகுதியாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும்படி நெய்யப்பட்டது. சிரைகள் அகலமாக விரிந்து ரத்தத்தைத் தேக்கிக்கொள்ள அது இடம் கொடுப்பதில்லை.

வீக்கம் வலி தராவிட்டாலும், ரத்தத் தேக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்துக்குப் பிறகு சிரைகளில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறியது. அப்படி உயர்ந்த பின்னும், நலமாக இருப்பவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; பயமுறுத்திக் காலுறை விற்கும் விளம்பரங்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. விமானப் பயணிகளிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்ட திறனாய்வில், முடிவு தெரிந்த 2,637 பேரில் 50 பேருக்கு அறிகுறி இல்லாத ரத்தக்கட்டு காணப்பட்டது. அவர்களில் காலுறை அணிந்திருந்தவர்கள் 3 பேர், அணியாதவர்கள் 47 பேர். வீக்கம் குறைவதற்கான சான்று அந்தளவு வலுவானதல்ல என்றும் அதே திறனாய்வு குறிப்பிடுகிறது. ஆனால் என் கால்களைப் பொறுத்தவரை, வேறுபாடு முதல் பயணத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது: தரையிறங்கியபோது காலணியின் கயிற்றைத் தளர்த்த வேண்டியிருக்கவில்லை.

அந்த முதல் பயணம் என்று நான் சொல்வது, சரியான அளவில் வாங்கிய இரண்டாவது ஜோடியுடன் சென்றது. அதற்கு முன் காலணி அளவை மட்டும் பார்த்து ஒரு ஜோடி வாங்கி, வீட்டிலேயே சில மணி நேரம் போட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே மேல்பட்டை பதிந்து சிவந்த தடம் விழுந்தது. மேற்பகுதி கணுக்காலைவிட அதிகமாக இறுக்கினால், இந்தக் காலுறை எதற்காக இருக்கிறதோ அதற்கு நேர்மாறான விளைவைத் தரும். ஆகவே காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலின் மிகக் குறுகிய இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையிலான உயரம் ஆகிய மூன்றையும் அளந்துகொண்டு, அந்தத் தயாரிப்புக்குரிய அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குவதே சரி. சுற்றளவைக் கேட்காமல் ‘எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு’ என்று விற்கப்படுபவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பிடுகிறார்கள். நான் அணிவது 15 முதல் 20 வரையிலான வகை. அதற்கு மேற்பட்ட அழுத்தம் தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அணிவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். சாதாரணக் காலுறையைப் போல் சுருட்டி மேலே இழுத்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். குதிகால் வரை உட்புறத்தை வெளியே திருப்பி, முதலில் பாதத்தைப் பொருத்தி, பிறகு உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக நீவி மேலே ஏற்ற வேண்டும். சுருக்கம் விழக் கூடாது. நீளம் மிஞ்சினால் மேலே மடித்துவிடவும் கூடாது, ஏனெனில் மடிப்பில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. இதையெல்லாம் விமானத்தின் நெருக்கமான இருக்கையில் செய்ய இயலாது என்பதால், நான் வீட்டிலேயே அணிந்துகொண்டு புறப்படுகிறேன்.

குறைகளும் உண்டு. ஏழெட்டு மணி நேரத்துக்குப் பிறகு விரல்கள் நெருக்கப்படுவது போல் இருக்கிறது, பாதம் வியர்க்கிறது, களைத்துப்போய் இருக்கும்போது கழற்றுவதும் எளிதாக இல்லை. காலில் தமனி அடைப்பு உள்ளவர்களும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியவே கூடாது. இறுக்கம் அளவு மீறுவது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அணிந்துவிட்டோம் என்பதற்காக அசையாமல் கிடப்பதும் தவறு. குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களைத் தூக்குவது, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று அவ்வப்போது செய்து வருகிறேன்; எழுந்து நடக்கத் தயக்கம் வராமலிருக்க நடைவழியை ஒட்டிய இருக்கையையே கேட்டு வாங்குகிறேன்.

முன்பு வாங்கியவற்றில் ஹெட்போனை இன்றும் எடுத்துச் செல்கிறேன். இயந்திரத்தின் தாழ்ந்த, இடைவிடாத முழக்கத்தை அது நன்றாகவே குறைக்கிறது. கழுத்துத் தலையணையின் பின்பகுதி தடித்திருந்ததால் தலையை முன்னால் தள்ளியது. திறப்பு பின்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டு, தாடையைத் தாங்க வைத்த பிறகுதான் ஓரளவு தூங்க முடிந்தது. கண்மூடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

காலுறையைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் உலர்த்துகிறேன். துணியை மென்மையாக்கும் திரவம் மீள்தன்மை தரும் இழைகளைக் கெடுக்கும் என்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை. அப்படியும், என் ஜோடியின் கணுக்கால் பகுதி இப்போது முன்பு போல் இறுக்கவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் கால்களை மறுபடி அளந்து, அதே அழுத்தத்தில், விரல்பகுதி திறந்திருக்கும் வகையை வாங்கவிருக்கிறேன்.