ஊர்ப் பிரச்சினைக்கு கிராம சபையா, வாட்ஸ்அப் குழுவா?

ஊருணியில் யாரோ குப்பை கொட்டினால், செட்டிநாட்டு ஊர்களில் இப்போது முதலில் தெரிவது வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். படம் போட்ட கையோடு சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன் கொதிப்பார். சென்னையிலிருந்து ஓர் ஆச்சி, "தண்ணி வர்ற வரத்துக்காலையும் பாருங்கப்பா" என்பார். பெரிய வீட்டுக்காரர்கள் பலர் வெளியூரில் இருக்கும் பகுதி இது. அவர்களும் பேச ஓர் இடம் இருப்பது நல்லதுதான். ஆனால் மாலைக்குள் கட்சிச் சண்டை வந்துவிடும், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் ஊருணி மூழ்கிவிடும்.

கிராம சபை மெதுவானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்தான் வழக்கமாகக் கூடும். வரவு செலவு வாசிக்கும்போது கொட்டாவி வரும். இருந்தாலும் அங்கே நிறைவேறும் தீர்மானம் பதிவேட்டில் ஏறும். பிறகு அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். இன்னொன்று, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் அதன் உறுப்பினர். அண்ணனின் பெயர் அதில் இல்லையென்றால் அவருக்கு அங்கே குரல் இல்லை. ஊருணிக் கரையில் குடியிருப்பவருக்கு உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது, தண்ணீர் எடுப்பவர் அவர்தானே.

ஆத்தங்குடி போன்ற ஊராட்சிகளுக்குத்தான் இந்தக் கிராம சபை. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியில், நகர வார்டுகளில் மக்கள் கூடும் பகுதி சபையில்தான் கேட்க வேண்டும். எங்கானாலும் படத்தைக் குழுவில் போடுங்கள், மனுவைச் சபையில் கொடுங்கள்.