கல்லில் மோதியவரின் நீலக் கார்: 1:18 ட்ரூ-புளூ ஃபால்கன் மாடல், வாங்கியவன் சொல்வது

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் முதலில் கேட்டதும் அதைத்தான். 260 ஆஸ்திரேலிய டாலர், தபால் செலவு தனி. அந்தக் காசுக்கு வருவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமுள்ள ஒரு நீலக் கார் (1:18 என்றால் நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு). 1981-இல் பந்தய ஓட்டுநர்கள் டிக் ஜான்சனும் ஜான் ஃபிரெஞ்சும் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் மலைப் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்த ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்டி, 17-ஆம் எண், பெயர் ட்ரூ-புளூ. "பொம்மைக்கா இவ்வளவு?" என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்த அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை.

வேலை நன்றாக இருக்கிறது. கதவு, பானட், டிக்கி மூன்றும் திறக்கின்றன. பானட்டைத் தூக்கினால் 5.8 லிட்டர் வி-8 எஞ்சின், அதற்குப் போகும் ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. உள்ளே ஒரே ஒரு சீட், சுற்றிலும் ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு), பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. சீட் பெல்ட் அச்சடித்த கோடு இல்லை, நிஜத் துணி, அதில் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு உலோகக் கொக்கி. எழுத்துகள் எல்லாம் அச்சு, ஸ்டிக்கர் கிடையாது, அதனால் ஐந்து வருஷம் கழித்து ஓரம் தூக்கிக்கொண்டு நிற்காது. அந்த நீலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் பளீரென்று இருக்கும், கையில் அது கொஞ்சம் அடங்கிய நீலம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

குறை இரண்டு. பானட் முழுசாக மூடவில்லை, இடது பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. இன்னொன்று, வலது பக்கக் கண்ணாடி கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. விற்ற கடைக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், முதல் இரண்டுக்குப் பதிலே இல்லை, மூன்றாவதுக்கு "நீங்கள் பெட்டியைத் திறந்தபோது உடைந்திருக்கலாம்" என்றார்கள், அப்புறம் ஐந்து வாரம் கழித்து ஒரு சின்ன உறையில் கண்ணாடி மட்டும் வந்தது, ஒட்டுவதற்குப் பசை கூட இல்லாமல். நானே ஒட்டிக்கொண்டேன். பரவாயில்லை, கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.

என் உண்மையான புகார் காரைப் பற்றியது இல்லை, கூட வரும் நாலு பக்கப் புத்தகத்தைப் பற்றியது. வழவழ தாளில் அவருடைய அணியான டிக் ஜான்சன் ரேசிங்கின் வரலாறு என்று போட்டு, ஜெயித்த வருஷங்களை மட்டும் கோத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தால் இந்தக் குடும்பம் பொறந்ததிலிருந்து கோப்பையோடு அலைந்த மாதிரி இருக்கும். சரி, 1980-க்கு அதில் எத்தனை வரி? இரண்டு!

அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் இந்தக் காரே கிடையாது. டிக் ஜான்சன் பிரிஸ்பேன்காரர், பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டு பந்தயம் ஓட்டியவர். 1980 அக்டோபரில், கையில் இருந்ததையெல்லாம் போட்டுத் தயார் செய்த ஃபால்கனோடு பாத்தர்ஸ்டுக்குப் போகிறார். 1000 கிலோமீட்டர் பந்தயம், எதிரில் பீட்டர் பிராக் ஓட்டும் பெரிய ஹோல்டன் அணி. பெட்ரோல் பங்க்காரர் பிராக்கையே பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். அப்போது கட்டிங் என்ற ஏற்ற வளைவில் பழுதான வண்டியை எடுக்க வந்த டோ டிரக் ஒன்று ஒரு பக்கம் நிற்கிறது, மறுபக்கம் பாதையில் ஒரு பாறாங்கல், கால்பந்து அளவு இருக்கும். ஒதுங்க இடமில்லை. கல்லில் ஏறி, சுவரில் மோதி, வண்டி முடிந்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டன.

டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியதும் குரல் உடைந்து பேசினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். பார்த்தவர்கள் டிவி நிலையத்துக்குப் போன் போட்டு, காசு தருகிறோம், மறுபடி கட்டச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார்கள். சுமார் 72,000 டாலர் சேர்ந்தது. அப்போது ஆஸ்திரேலிய ஃபோர்டில் இருந்த எட்சல் ஃபோர்டு, ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன், ஜனங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நானும் ஒரு டாலர் போடுகிறேன் என்றார். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். அந்தக் காசில் வந்ததுதான் இப்போது என் அலமாரியில் நிற்கும் 1981 வண்டி. (1980 வண்டி வேறு, 1981 வண்டி வேறு. இணையத்தில் பழைய மாடல் விற்பவர்கள் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், வாங்கும்போது வருஷத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அந்த 1981-இல், வருஷம் முழுக்கப் பல பந்தயங்களில் எடுக்கும் புள்ளிகளை வைத்துக் கொடுக்கும் ஆஸ்திரேலிய டூரிங் கார் பட்டமும் இவருக்கே. கடைசிப் பந்தயம் பிரிஸ்பேனுக்கு வடக்கே லேக்சைடில், ஜெயிப்பவருக்குப் பட்டம் என்ற நிலையில் பிராக்கும் இவரும். சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னால் பிராக்கை முன்னே விடவே இல்லை. பாத்தர்ஸ்டில் ஜெயித்தது கொஞ்சம் அரைகுறையாகத்தான், 163 சுற்றில் 120 முடிந்தபோது பெரிய விபத்தால் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். அதனால் என்ன, கோப்பை கோப்பைதான்.

ட்ரூ-புளூ என்ற பெயரைப் பார்த்து ஏதோ தேசபக்தி என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, அது ராஸ் பாமர் என்பவரின் பாமர் டியூப் மில்ஸ் தயாரித்த இரும்புக் குழாயின் பெயர். நம் ஊர் சுவர்களில் டிஎம்டி கம்பி விளம்பரம் எழுதுவது போல, காரையே சுவராக்கிவிட்டார்கள். அடுத்து வந்த பச்சைக் காருக்கு கிரீன்ஸ்-டஃப் என்று பெயர், அதுவும் குழாய்தான்.

அந்தப் பச்சைக் காருக்கு ஒரு கதை உண்டு, புத்தகத்தில் அதுவும் இல்லை. 1983 பாத்தர்ஸ்ட், பந்தயத்துக்கு முதல் நாள் தகுதிச் சுற்று, ஃபாரஸ்ட்ஸ் எல்போ வளைவில் தவறி மரங்களுக்குள் பாய்ந்து வண்டி நார்நாராகிவிட்டது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் வேறொரு போட்டியாளரின் ஃபால்கனை வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் சாமான்களை அதில் மாற்றி, பச்சை பெயின்ட் அடித்து, எழுத்தும் எழுதி, காலையில் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பந்தயத்தை முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. ஆனால் எனக்கு ஒரு மாடல் இலவசமாகத் தருகிறேன் என்றால் அந்த ஒரு ராத்திரி வண்டியைத்தான் கேட்பேன், பெயின்ட் காயாத வாசனையோடு.

ஜெயித்ததையும் சொல்ல வேண்டும்தானே: ஓட்டுநர் பட்டம் 1981, 82, 84, அப்புறம் ஃபோர்டு சியரா காரில் 88, 89. பாத்தர்ஸ்ட் இன்னும் இரண்டு தடவை, 1989, 1994, இரண்டிலும் கூட ஓட்டியவர் ஜான் போ. அவருக்கு 1995-இல் பட்டம். 1999-இல் டிக் கடைசியாக ஸ்டியரிங்கை விட்டார், அந்த வருஷம் பாத்தர்ஸ்டில் கூட ஓட்டியது மகன் ஸ்டீவன். ஆரம்பத்திலிருந்து கூடவே நின்றவர் மனைவி ஜில்லி. இப்போது பேரன் ஜெட்டும் பந்தயம் ஓட்டுகிறார். மூன்று தலைமுறை ஆயிற்று.

1995-க்கு அப்புறம் புத்தகம் ஒரே தாவாகத் தாவி 2010-இல் அணியின் ஓட்டுநர் ஜேம்ஸ் கோர்ட்னி வாங்கிய பட்டத்தில் போய் இறங்குகிறது. நடுவில் பதினைந்து வருஷம் எங்கே போனது? கடன், கைவிட்டுப் போன ஸ்பான்சர், பங்குதாரர் சேர்வது பிரிவது, இதுதான் அந்தப் பதினைந்து வருஷம். 2010-க்குப் பிறகும் நிலைமை சீராகவில்லை, மூடிவிடுவார்களோ என்று பேச்சு வந்த வருஷங்கள் உண்டு. கடைசியில் அமெரிக்கப் பந்தய அணி முதலாளி ரோஜர் பென்ஸ்கி அணியில் 51 சதவீதம் வாங்கிக்கொண்டு 2015 முதல் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பாதிக்கு மேல் போய்விட்டால் அது குடும்ப அணியா என்று பிரிஸ்பேனில் இதை வைத்து இன்னமும் சண்டை போடுகிறார்கள். என் கட்சி: போட்ட காசு வேலை செய்தது. அணியின் ஓட்டுநர் ஸ்காட் மெக்லாக்லின் 2018, 19, 20 என்று மூன்று பட்டம் வரிசையாக எடுத்தார், 2019-இல் பாத்தர்ஸ்டும். அந்த 2019 வெற்றியில் ஒரு கறையும் உண்டு, அணியின் இன்னொரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டச் சொன்னதற்காக 250,000 டாலர் அபராதம். கோப்பையைப் பிடுங்கவில்லை. ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த தொகையை விட மூன்று மடங்குக்கு மேல் அபராதமாக விதித்தார்கள் என்று கணக்குப் போட்டபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 2020 முடிவில் பென்ஸ்கி விலகிவிட, பழைய பெயர் திரும்பி வந்தது. கோல்டு கோஸ்ட் போகும் வழியில் ஸ்டேப்பில்டனில் பட்டறை, அதே 17-ஆம் எண்.

சரி, வாங்கலாமா? இந்தக் கதை தெரிந்தவர் என்றால் வாங்கலாம், 260 டாலர் அதிகம்தான், ஆனாலும் வேலைப்பாட்டுக்குத் தகும். வெறுமனே ஒரு நீலக் கார் வேண்டும் என்றால் சின்ன 1:43 போதும், பாதிக் காசு மிச்சம். நேரில் கடைக்குப் போய் பானட் இடைவெளியையும் கண்ணாடியையும் பார்த்து வாங்குங்கள். கதவைத் திறக்க ஒரு பிளாஸ்டிக் கொக்கி பெட்டியின் அடியில் இருக்கும், அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் நெம்பினால் பெயின்ட் போகும், எனக்குப் போனது.

ஏழு வயது மகனிடம் கதையைச் சொன்னேன். மறுநாள் அலமாரியில் காருக்கு முன்னால் தோட்டத்துக் கூழாங்கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. "டேய், அது 80 வண்டி, இது 81 வண்டி, இதுக்கு முன்னாடி கல் இல்லடா" என்று எடுத்துச் சொன்னேன். வீட்டில் துடைக்கும்போது இரண்டு தடவை அதைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது மூன்றாவது கல் இருக்கிறது, கொஞ்சம் பெரியது.